தலைக்கு வந்தது வாலோடு

தில்லி புசா ரோட்டில் வெறும் மண் தெரியும் இடம் குறைவு. கரோல் பாகிலிருந்து ராஜேந்திரா பிளேஸ் வரை சாலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. கீழே கடைகள், வங்கிகள், மருத்துவமனைகள், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று. ஆனால் இந்த நெரிசலுக்குத் தெற்கிலும் மேற்கிலும் இரண்டு பெரிய திறந்த நிலங்கள் இருக்கின்றன. தெற்கே ஆரவல்லி மலைத்தொடரின் வால்நுனியான ரிட்ஜ் காடு. மேற்கே சுமார் 500 ஹெக்டேர் பரப்பில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம். புசா என்ற பெயரே அந்த நிறுவனத்தோடு வந்ததுதான். 1905இல் பீகாரின் புசா என்ற ஊரில் அது தொடங்கப்பட்டது. 1934 ஜனவரியில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சிதைந்தன. 1936இல் நிறுவனம் தில்லிக்குக் குடிபெயர்ந்தது.

காடும் வயலும் அருகருகே இருக்கும் இத்தகைய நிலம் நஞ்சில்லாத ஒரு பாம்புக்கு ஏற்ற வீடு. மலைப்பாம்பின் தூரத்து உறவு அது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும். தமிழகத்தில் மண்ணுளிப் பாம்பு என்றும் இருதலை மணியன் என்றும் அழைக்கிறோம். தில்லிக்காரர்களுக்கு அது தோமுஹி. அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானியை. மழைக்காலத்தில் வளைகளில் நீர் புகும்போது தில்லியின் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் தலைகாட்டும். வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் போன்ற மீட்பு அமைப்புகள் தலைநகரப் பகுதியில் பிடித்துக் காட்டில் விடும் பாம்புகளில் இதுவும் ஒன்று.

இந்தப் பாம்பைப் பற்றி நம் நாட்டில் உலவும் கதைகளுக்கு அளவே இல்லை. இரண்டு பக்கமும் தலை என்பார்கள். ஆறு மாதம் ஒரு பக்கமும் ஆறு மாதம் மறுபக்கமும் நகரும் என்பார்கள். நக்கினால் குஷ்டம் வரும் என்பார்கள். வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்றும் சொல்வார்கள். இந்த எல்லாக் கதைகளுக்கும் அடியில் அதன் உடலமைப்பைப் பற்றிய உண்மை ஒன்று இருக்கிறது. அந்த உண்மையைத் தெரிந்துகொண்டால், பல லட்சம் ஆண்டுகளாகப் பருந்திடமிருந்தும் கீரியிடமிருந்தும் இந்த உயிரைக் காத்த அதே பண்புகள் மனிதரிடம் அதை எளிதாகச் சிக்கவைப்பது ஏன் என்பதும் புரியும்.

தரங்கம்பாடியில் கிடைத்த பெயர்

அறிவியல் உலகுக்கு இந்தப் பாம்பு அறிமுகமானது தமிழ்க் கடற்கரையிலிருந்து. கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1771இல் டேனியர்களின் தரங்கம்பாடிக்கு வந்து, 1813இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பள்ளிகள் நடத்தினார். கிடைத்த நேரத்தில் மீன், சங்கு, பாம்பு, செடி என்று சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிப் பெரிய படநூல்களை வெளியிட்டவர். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான்.

தரங்கம்பாடியில் கிடைத்த மண்ணுளிப் பாம்பை ரஸ்ஸல் 1801இல் விவரித்து, அதற்கு ஜானின் பெயரைச் சூட்டினார். காவிரிக் கழிமுகத்து மணலில் அடையாளம் காணப்பட்ட அதே இனம் ராஜஸ்தானின் வறண்ட வெளியிலும், பஞ்சாபின் வயல்களிலும், பாகிஸ்தானிலும், ஈரான் வரையிலும் வாழ்கிறது. தில்லியும் அந்தப் பரப்புக்குள் இருக்கிறது.

இந்தியாவில் இதன் உறவினர் இருவர் உண்டு. ஒன்று, உடலில் பழுப்புத் திட்டுகளும் சொரசொரப்பான குட்டை வாலும் கொண்ட எரிக்ஸ் கோனிகஸ்; இலங்கையின் வறண்ட வடபகுதியிலும் இது வாழ்கிறது. மற்றொன்று, மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழும் எரிக்ஸ் விட்டேகரி. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரின் பெயரை 1991இல் அதற்கு இட்டார்கள்.

மண்ணுக்கென்றே ஆன உடல்

வளர்ந்த மண்ணுளிப் பாம்பு பெரும்பாலும் முக்கால் மீட்டர் நீளம் இருக்கும். ஒரு மீட்டரை எட்டுவது அரிது. உடல் தடித்து உருண்டிருக்கும். நிறம் செம்பழுப்பு அல்லது மங்கிய மஞ்சள். குட்டிகள் செந்நிறமாக, குறுக்கே கறுப்புப் பட்டைகளோடு பிறக்கும்; வளர வளரப் பட்டைகள் மங்கிவிடும்.

மூக்கு முனை தட்டையாக, விளிம்போடு, கலப்பையின் கொழுவைப் போல முன்னே நீண்டிருக்கிறது. கீழ்த்தாடை அதற்கு அடியில் உள்வாங்கி இருப்பதால், மண்ணைத் துளைத்துப் போகும்போது வாய்க்குள் மண் புகாது. கழுத்து என்று தனியாகக் குறுகல் இல்லை. குறுகல் இருந்தால் அங்கே மண் சிக்கும். செதில்கள் சிறியவை, வழவழப்பானவை. நல்ல பாம்பின் வயிற்றில் குறுக்கே அகலமான செதில்கள் இருக்கும்; தரையைப் பற்றி ஓட அவை உதவும். மண்ணுளிக்கு அவை மிகக் குறுகலானவை. தரையில் அது மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். கண்கள் சிறியவை, பாவை செங்குத்துப் பிளவு. அந்தியிலும் இரவிலும் வெளியே வரும் உயிருக்கு அது பொருத்தம்.

மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் இரையின் உடல் வெப்பத்தை உணர்பவை. மண்ணுளிக்கு அந்தக் குழிகள் இல்லை. நாக்கு கொண்டுவரும் வாசனையும், மண்ணில் பரவித் தாடை எலும்பை எட்டும் அதிர்வும் அதற்கு வழிகாட்டுகின்றன. பல நேரங்களில் அது மண்ணுக்குள் புதைந்து, தலையின் மேற்பகுதி மட்டும் தெரியும்படி இரைக்காகக் காத்திருக்கும்.

வாலின் தொடக்கத்தில், கழிவுத் துளையின் இரு பக்கமும், இரண்டு சிறிய முட்கள் உண்டு. ஆணுக்கு அவை சற்றுப் பெரியவை, இணைசேரும்போது பயன்படும். பின்னங்கால்களின் எச்சம் அவை. பாம்புகளின் மூதாதைகள் கால்கள் கொண்ட பல்லி இனத்தவை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் கால்கள் மறைந்துபோன பின்னும், மலைப்பாம்பு, போவா, மண்ணுளி போன்ற பழைய குடும்பங்களின் உடலில் அந்த அடையாளம் மிஞ்சியிருக்கிறது.

தில்லியில் கோடை வெயில் 45 டிகிரியைத் தொடும். குளிர்கால இரவுகள் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும். வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறும் ஒரு பாம்பு இந்த இரண்டையும் தரைக்கு மேல் தாங்க முடியாது. மண்ணுக்குள் ஆழம் போகப் போக வெப்பத்தின் ஏற்ற இறக்கம் சுருங்கும். தன் கொழுமூக்கால் தோண்டியோ எலி வளையில் நுழைந்தோ, மண்ணுளி தனக்கு வேண்டிய வெப்பநிலையைத் தேர்ந்துகொள்கிறது.

இறுக்கம் எப்படிக் கொல்கிறது

மண்ணுளிக்கு நஞ்சுப் பை இல்லை. இரையை வாயால் கவ்வி, உடலால் சுற்றி இறுக்கும். இப்படி இறுக்குவதால் இரை மூச்சுத் திணறிச் சாகிறது என்றே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. சில நொடிகளில் எலி அசைவற்றுப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் போதவில்லை. மூச்சு நின்று சாவதற்கு அதைவிட அதிக நேரமாகும்.

அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியில் ஸ்காட் போபக்கும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். மயக்க மருந்து கொடுத்த எலிகளின் ரத்தக் குழாய்களில் அழுத்தமானிகளைப் பொருத்தி, போவா பாம்புகளிடம் விட்டார்கள். இறுக்கம் தொடங்கிய ஆறு நொடிகளுக்குள் எலியின் தமனி ரத்த அழுத்தம் பாதியாகக் குறைந்தது. இதயம் துடித்தும் ரத்தம் ஓடவில்லை. மூளைக்கு ரத்தம் போகாததால் எலி உடனே நினைவிழக்கிறது. பிறகு இதயமும் தாளம் தப்புகிறது. ஆக, கொல்வது ரத்த ஓட்டத்தின் நிறுத்தம். இந்த முடிவு 2015இல் வெளியானது.

இதற்கு முன், 2012இல், அதே குழு இன்னொரு கேள்வியைக் கேட்டது. இரை செத்துவிட்டது என்று பாம்புக்கு எப்படித் தெரியும்? செத்த எலிகளுக்குள் செயற்கையாகத் துடிக்கும் ஒரு இதயத்தை வைத்துக் கொடுத்தார்கள். துடிப்பு இருந்தபோது பாம்புகள் இன்னும் பலமாக, இன்னும் நீண்ட நேரம் இறுக்கின. துடிப்பை நிறுத்தியதும் பிடியைத் தளர்த்தின. உயிருள்ள இரையை ஒருபோதும் கண்டிராத பாம்புகளும் அப்படியே நடந்துகொண்டன. இறுக்குவது மிகுந்த ஆற்றலைச் செலவழிக்கும் வேலை. தேவைக்கு மேல் ஒரு நொடி இறுக்குவதும் நட்டம். இரையின் இதயத்துடிப்பைத் தன் உடலால் கேட்டு, பாம்பு அந்தச் செலவை அளந்து செய்கிறது.

விலாவை இறுக்கி வைத்திருக்கும்போது பாம்பு எப்படி மூச்சு விடுகிறது என்பதற்கு விடை 2022இல் வந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் கபானோவும் அவர் குழுவினரும் போவாவின் உடலில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, எக்ஸ்ரே வழியாகப் பார்த்தார்கள். முன்பகுதி விலா எலும்புகள் அசைய முடியாதபோது, பின்பகுதி விலாக்களை அசைத்து அது மூச்சை இழுத்தது. நீண்ட உடலின் எந்தப் பகுதியால் மூச்சு விடுவது என்பதைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள அதனால் முடிகிறது.

இந்த ஆய்வுகள் அமெரிக்கக் கண்டத்துப் போவாக்களின் மீது நடந்தவை. மண்ணுளி அவற்றின் நெருங்கிய உறவு. இறுக்கும் முறையும் அதுவே. எலி வளைக்குள் உடலைச் சுற்ற இடமில்லாத நிலையில், இரையை வளையின் சுவரோடு சேர்த்து அழுத்திவிடவும் இத்தகைய மண்வாழ் பாம்புகளால் முடியும்.

வால் செய்யும் வேலை

இனி அந்த இரட்டைத் தலைக்கு வருவோம். பெரும்பாலான பாம்புகளின் வால் கூர்ந்து முடியும். மண்ணுளியின் வாலோ உடலின் தடிமன் குறையாமல் வந்து, மழுங்கலாக நின்றுவிடுகிறது. எட்ட நின்று பார்த்தால் எது முன், எது பின் என்று தெரியாது.

அச்சுறுத்தினால் மண்ணுளி சீறிப் பாய்வதில்லை. கடிப்பதும் மிக அரிது. உடலைச் சுருட்டி, தலையை அந்தச் சுருளுக்கு அடியில் ஒளித்துக்கொள்கிறது. வாலை மேலே தூக்கி, தலை அசைவதைப் போல மெல்ல அசைக்கிறது. பருந்தும் கீரியும் பாம்பின் தலையைத்தான் முதலில் தாக்கும். தலை போனால் பாம்பு முடிந்தது. மண்ணுளி அவற்றுக்கு வாலைக் கொடுக்கிறது. வாலில் மூளை இல்லை, இதயம் இல்லை, நுரையீரல் இல்லை. காயம் ஆறிவிடும். வளர்ந்த பாம்புகள் பலவற்றின் வாலில் பழைய தழும்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு தழும்பும் தலைக்கு வந்து வாலோடு போன ஒரு கண்டம்.

வட அமெரிக்காவின் ரப்பர் போவா இதே உத்தியை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துகிறது. எலியின் கூட்டில் புகுந்து குஞ்சுகளை விழுங்கும்போது, தாய் எலியின் கடியை வாலில் வாங்கிக்கொள்கிறது. நிலத்தடி வளையில் வேட்டையாடும் பாம்புகளுக்கு மழுங்கிய வால் எவ்வளவு பயனுள்ளது என்பதை இரு வேறு கண்டங்களின் பாம்புகள் காட்டுகின்றன.

வளைக்குள் இறங்கும் வேட்டை

மண்ணுளியின் உணவில் எலிகளும் சுண்டெலிகளும் வெள்ளெலிகளும் முதன்மையானவை. பல்லி, ஓணான் போன்றவையும் சேரும். புசாவின் வயல்களிலும் தஞ்சையின் வயல்களிலும் உழவர்களுக்கு நட்டம் தருவது இதே எலிக்கூட்டம்தான். வயல் பெருச்சாளி கதிரை அறுத்துக்கொண்டு போய் வளைக்குள் சேமிக்கும். ஆண்டுக்குப் பல முறை குட்டி போடும். கழனியின் மேல் பறக்கும் ஆந்தையால் வெளியே வரும் எலியைப் பிடிக்க முடியும். வளைக்குள் இருக்கும் குட்டிகளை எட்ட, வளைக்குள் நுழையக்கூடிய உடல் வேண்டும். மண்ணுளிக்கும் சாரைக்கும் அந்த உடல் இருக்கிறது.

ஒரு பாம்பு வயலின் எலித்தொல்லையைத் தீர்த்துவிடும் என்று சொல்ல முடியாது. மண்ணுளி கொஞ்சம் உண்டு நெடுநாள் செரிக்கும் உயிர். ஆந்தை, சாரை, காட்டுப்பூனை, கீரி, நரி என்று பலரும் சேர்ந்து எலிகளின் பெருக்கத்துக்குக் கடிவாளம் இடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் மண்ணுளிக்கு நிலத்தடியில் ஒரு தனி இடம் உண்டு. எலிக்கு வைக்கும் நஞ்சு இந்தக் கூட்டத்தையே சேர்த்துத் தாக்குகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை உண்ட எலி உடனே சாவதில்லை; தள்ளாடித் திரியும் அந்த எலியை உண்ணும் விலங்குக்கும் நஞ்சு போகிறது.

மண்ணுளியின் பெருக்கமோ மெதுவானது. மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாக்கும். மண்ணுளி முட்டைகளைத் தன் உடலுக்குள்ளேயே வைத்து, குட்டிகளாக ஈனும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. கருவுற்ற ஒரு பெண் பாம்பைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த நிலத்தின் ஒரு தலைமுறையே போய்விடுகிறது.

மண் வேண்டும்

தில்லியில் இந்தப் பாம்பின் வாழ்வு நெகிழ்ந்த மண் மிஞ்சுவதைப் பொறுத்தது. ரிட்ஜ் காட்டின் பெரும்பகுதியை விலாயதி கீக்கர் பிடித்திருக்கிறது. ராமநாதபுரம் மக்களுக்கு அது சீமைக் கருவேலம். அதை அகற்றி ஆரவல்லியின் சொந்த மரங்களையும் புல்லையும் மீட்கும் வேலை நகரின் பல்லுயிர்ப் பூங்காக்களில் நடக்கிறது. நகரத்துக்குள்ளோ நடைபாதை, பூங்கா, பள்ளி மைதானம் என்று மண் எங்கும் மூடப்படுகிறது. மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்ட்டைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. வேருக்கு மூச்சு விட மண் வேண்டும் என்பதற்காக வந்த உத்தரவு அது. மண்ணுக்குள் வாழும் மண்புழுவுக்கும் வண்டுக்கும் பாம்புக்கும் அதே நியாயம் பொருந்தும்.

வீட்டருகே இந்தப் பாம்பைக் கண்டால் விலகி நின்று போக விடுவதே சரி. போகவில்லை என்றால் வனத்துறையையோ மீட்பு அமைப்பையோ அழைக்கலாம். நஞ்சில்லாததுதானே என்று கையால் தூக்கக் கூடாது. திட்டுகள் கொண்ட எரிக்ஸ் கோனிகஸைக் கண்ணாடி விரியன் என்று நினைத்து அடித்துக் கொல்வதும், கண்ணாடி விரியனை மண்ணுளி என்றோ மலைப்பாம்புக் குட்டி என்றோ நினைத்துத் தொடுவதும் இரண்டும் நடக்கின்றன. இரண்டாவது தவறு உயிரைப் பறிக்கும்.

கோடிகளின் பொய்

இன்று மண்ணுளிக்கு வந்திருக்கும் பெரும் ஆபத்து பருந்தாலும் கீரியாலும் வந்ததல்ல. இந்தப் பாம்பு லட்சங்களுக்கும் கோடிகளுக்கும் விலைபோகும், எடை கூடக் கூட விலையும் கூடும் என்று ஒரு கதை நாடெங்கும் பரவியிருக்கிறது. கடத்தல்காரர்கள் இதற்கு 'டபுள் எஞ்சின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எய்ட்ஸைக் குணமாக்கும், ஆண்மையைப் பெருக்கும், புதையலைக் காட்டும், பில்லி சூனியத்துக்கு உதவும் என்றெல்லாம் விற்பவர்கள் சொல்கிறார்கள். எடையை ஏற்றுவதற்காகப் பாம்பின் வாய்க்குள் இரும்புக் குண்டுகளைத் திணித்த கொடுமையும் நடந்திருக்கிறது. முன்பு சில பாம்பாட்டிகள் வாலைக் கீறி, வாயும் கண்ணும் போலத் தழும்பாக்கி இரட்டைத் தலை காட்டினார்கள்.

வைல்டுலைஃப் கன்சர்வேஷன் சொசைட்டியின் இந்தியப் பிரிவு 2016 முதல் 2021 வரை ஊடகங்களில் வந்த செய்திகளைத் தொகுத்துப் பார்த்தது. 18 மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலுமாக 172 பறிமுதல் நிகழ்வுகள் தெரியவந்தன. மகாராஷ்டிரத்தில் மட்டும் 59. அடுத்து உத்தரப் பிரதேசத்தில் 33. பிடிபட்டவை மட்டுமே இந்தக் கணக்கில் உள்ளன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மண்ணுளியைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நாடுகளுக்கு இடையிலான வணிகத்தை சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பு கட்டுப்படுத்துகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இந்த இனம் அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் இருக்கிறது.

பருந்திடம் பலித்த உத்தி கடத்தல்காரரிடம் பலிக்காததன் காரணம் இப்போது தெளிவாகும். சுருண்டு அசையாமல் கிடப்பது, கடிக்காமல் இருப்பது, மெதுவாக நகர்வது, வாலைத் தலையாகக் காட்டுவது, இவை அனைத்தும் ஒரு கொத்தலிலிருந்தோ ஒரு கடியிலிருந்தோ தப்புவதற்கு உருவானவை. மொத்தப் பாம்பையும் அள்ளிச் சாக்கில் போடும் கைக்கு முன் இவை எதுவும் காப்பாற்றா. கடிக்காத பாம்பைப் பிடிக்கத் திறமை வேண்டியதில்லை. இரட்டைத் தலை என்ற தோற்றம்தான் விலைக் கதைக்கு மூலதனம். அந்த உடலில் இனி ஒரு புதிய தற்காப்பு உருவாகக் காலம் போதாது. தற்காப்பு மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

அது நம்மால் முடியும் என்பதற்கு இந்த வணிகத்தின் இயல்பே காரணம். யானைத் தந்தத்தைச் செதுக்கி விற்கிறார்கள். செம்மரத்தை அறுத்து விற்கிறார்கள். கடைசியில் அந்தப் பொருளைப் பயன்படுத்தும் ஒருவர் இருக்கிறார். மண்ணுளியின் இன்றைய விலை தோலுக்காகவோ இறைச்சிக்காகவோ தரப்படுவதில்லை. எந்த நோயையும் அது குணமாக்கியதற்குச் சான்று கிடையாது. வாங்குபவர் அதைவிட அதிக விலைக்கு இன்னொருவர் வாங்குவார் என்று நம்பி வாங்குகிறார். அந்த இன்னொருவரும் அப்படியே நம்புகிறார். வெறும் நம்பிக்கையின் மேல் நிற்கும் சந்தை, நம்பாதவர்கள் பெருகப் பெருகச் சரியும். உங்களிடம் யாராவது இரட்டைத் தலைப் பாம்புக்குக் கோடி ரூபாய் என்று சொன்னால், அது மழுங்கிய வால் என்று விளக்குங்கள். எதற்காக அப்படி வளர்ந்தது என்றும் சொல்லுங்கள். கேட்டவர் நம்பாமல் போனால், அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது.